கேப் டவுன் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: மலை, கடல், சாப்பாடு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு தடவை கோடையில், ஒரு தடவை குளிர்காலத்தில். ஒவ்வொரு முறை திரும்பியதும் உறவினர்களும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நுழைவுக் கட்டணங்களை எழுதவில்லை. அவை வருடத்துக்கு வருடம் மாறுகின்றன.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

ஐந்து முழு நாள். மூன்று நாளில் பார்த்துவிடலாம் என்று சுற்றுலா நிறுவனங்கள் திட்டம் போட்டுத் தருவார்கள். காற்று அடிக்காத வாரமாக இருந்தால் அது நடக்கும். ஆனால் இந்த ஊரில் மலைக்குப் போகும் கேபிள் காரும், தீவுக்குப் போகும் படகும் காற்றைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் தவறியதை மறுபடி பார்க்கலாம். என் முதல் பயணத்தில் மூன்றே நாள்தான் இருந்தேன். மூன்று நாளும் மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

எந்த மாதம் நல்லது?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. வானம் தெளிவாக இருக்கும், இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். கூட்டமும் காற்றும் அப்போதுதான் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும். நம் ஊர்போல ஒரேயடியாகக் கொட்டாது, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்யும்.

என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல் என்பேன். காற்று தணிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் குறைந்திருக்கும். திமிங்கிலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் போகலாம். ஊரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் ஹெர்மானஸில் கரையில் நின்றபடியே பார்க்கலாம்.

டேபிள் மவுண்டனுக்கு எப்போது ஏறுவது?

மேகம் இல்லாத முதல் காலையில். அன்றைக்கு வேறு எந்தத் திட்டம் இருந்தாலும் தள்ளி வையுங்கள். இந்தப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். மேசைபோலத் தட்டையான இந்த மலையின் உயரம் 1,086 மீட்டர். கோடையில் தென்கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். ஊரின் புகையையும் நோயையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அதற்கு ‘கேப் டாக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஊர்ப்பக்கம் சரிந்து இறங்கும்போது சூடாகிக் கரைந்துவிடுகிறது. அதனால் மலை விளிம்பில் வெள்ளைத் துணி தொங்குவதுபோல மேகம் வழிந்துகொண்டே இருக்கும், ஆனால் அடிவாரத்துக்கு வந்து சேராது. ‘மேசை விரிப்பு’ என்பார்கள். கீழேயிருந்து பார்க்க அவ்வளவு அழகு. மேலே நிற்பவருக்குத் தன் கை தெரியாது.

விரிப்பு விழுந்த நாளில் கேபிள் கார் பெரும்பாலும் ஓடாது. அதன் இணையதளத்தில் ஓடுகிறதா இல்லையா என்று அன்றன்றைக்குப் போடுவார்கள். காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள், அப்புறம் ஜன்னலைத் திறந்து மலையையும் பாருங்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில நாள் மூடுவதும் உண்டு. தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள்.

1929 முதல் ஓடும் கேபிள் கார் இது. இப்போதுள்ள வட்டமான பெட்டிகள் 1997-இல் வந்தவை. ஒரு பெட்டியில் 65 பேர் ஏறலாம். தளம் மெல்லச் சுழல்வதால் ஜன்னலோரத்துக்கு முண்டியடிக்கத் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் உச்சி வந்துவிடும்.

மேலே என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு மணி நேரமாவது இருங்கள். ஒரு பக்கம் ஊரும் துறைமுகமும் ரோபன் தீவும், இன்னொரு பக்கம் கடலுக்குள் நீண்டு போகும் மலைத்தொடர். பலர் விளிம்பில் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காலடியில் இருப்பதையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ‘ஃபைன்பாஸ்’ என்று சொல்லப்படும் குட்டையான புதர்க்காடு அது. இந்தச் சிறிய வட்டாரத்தில் மட்டும் சுமார் 9,000 தாவர வகைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 2004-இல் யுனெஸ்கோ இந்தத் தாவர வட்டாரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பாறை இடுக்கில் பெருச்சாளி அளவைவிடப் பெரிதாக, வால் இல்லாமல் ஒரு பிராணி வெயில் காயும். பெயர் டாஸி. உயிரியல்படி அதன் நெருங்கிய உறவு யானை!

மேலே திடீரென்று சங்கு ஊதினால் வானிலை மோசமாகிறது என்று அர்த்தம். பார்ப்பதை அப்படியே விட்டுவிட்டு நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள். கீழே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

நடந்து ஏற முடியுமா?

முடியும். பிளாட்டெகிளிப் பள்ளத்தாக்குப் பாதைதான் நேரானது. வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ ஏறிப் பழகிய கால்களுக்குச் சிரமம் இருக்காது. இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், முழுக்கக் கல்படி, நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தனியாகப் போகாதீர்கள். வழி தவறுவது, திடீர் மேகம், சில பாதைகளில் வழிப்பறி, எல்லாமே இருக்கின்றன. ஏறுவதற்கு கேபிள் கார், இறங்குவதற்கு நடை என்று நினைக்கிறவர்களுக்கு: முழங்கால் கெட்டுப்போகும். மாற்றிச் செய்யுங்கள்.

சிறுவர்கள் இருந்தால் பக்கத்திலுள்ள 669 மீட்டர் உயரமுள்ள லயன்ஸ் ஹெட் குன்று ஒரு காலைப்பொழுதுக்குச் சரியாக இருக்கும். கடைசிப் பகுதியில் மட்டும் ஏணியும் சங்கிலியும் பிடித்து ஏற வேண்டும், சுற்றுவழியும் உண்டு.

மலை மூடியிருக்கும் நாளில் என்ன செய்வது?

ஊருக்குள் இருங்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்கு முதலில் போகலாம். பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த அந்தப் பகுதியை 1966-இல் நிறவெறி அரசு ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. அருங்காட்சியகத் தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடம் விரித்திருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதியிருக்கிறார்கள். கிளம்ப மனம் வராமல் அந்தத் தரையில் வெகுநேரம் நின்றேன்.

ரோபன் தீவு அவசியமா?

அவசியம். நெல்சன் மண்டேலா சிறையில் கழித்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டு இங்கேதான் கழிந்தது. வாட்டர்ஃபிரன்ட் துறைமுகத்திலிருந்து படகு. போக, வர, சுற்றிப் பார்க்க எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிறைக்குள் அழைத்துப் போய்ச் சொல்கிறவர்களில் அங்கே அரசியல் கைதிகளாக இருந்தவர்களே உண்டு. அவர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அதனால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கைதிகள் வேலை செய்த சுண்ணாம்புக்கல் குழியில் வெயில் பட்டால் இன்றும் கண் கூசுகிறது. அந்தக் கூச்சத்தில் மண்டேலாவின் பார்வையே கெட்டது.

டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள், பயணத்தின் முதல் நாட்களிலேயே செய்யுங்கள். அலை அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள்.

பென்குயின் எங்கே பார்க்கலாம்?

சைமன்ஸ் டவுனுக்கு அருகே போல்டர்ஸ் கடற்கரையில். 1980-களின் தொடக்கத்தில் இரண்டே இரண்டு ஜோடி வந்து கூடு கட்டி, அங்கிருந்து பெருகிய கூட்டம் அது. மரப்பாலத்தில் நடந்துகொண்டே இரண்டு அடி உயரப் பறவைகள் தத்தித் தத்திக் கடலுக்குப் போவதைப் பார்க்கலாம். குரல் கழுதை கத்துவதுபோல இருக்கும்.

இந்த ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கு இரையான மத்தியும் நெத்திலியும் கடலில் குறைந்துபோனதுதான் பெரிய காரணம். தொடாதீர்கள், துரத்திப் படம் எடுக்காதீர்கள். கொத்தினால் காயம் ஆழமாக இருக்கும். அதைவிட முக்கியம், கூட்டிலிருந்து விரட்டப்பட்ட பறவையின் முட்டை வீணாகிவிடும்.

நன்னம்பிக்கை முனையில்தான் இரண்டு பெருங்கடல்கள் சேர்கின்றனவா?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். ஆனால் ஆப்பிரிக்காவின் தென்கோடி அது இல்லை. தென்கிழக்கே இருக்கும் அகுல்ஹாஸ் முனைதான் தென்கோடி. அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களின் எல்லையும் அங்கேதான் குறிக்கப்படுகிறது. அதனால் நன்னம்பிக்கை முனையின் அருமை குறைந்துவிடாது. 1488-இல் பார்த்தலோமியு டயஸ் இதைச் சுற்றிக் கடந்த பிறகுதான் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வர வழி பிறந்தது. நம் கடற்கரைகளின் கதை மாறிய இடம் அது.

போகும்போது சாப்மன்ஸ் பீக் சாலை வழியாகப் போங்கள். 9 கிலோமீட்டரில் 114 வளைவு. மலைச்சுவரைக் குடைந்து 1922-இல் கட்டி முடித்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேரே கடல். சுங்கம் உண்டு, பாறை சரியும் அபாயம் இருந்தால் மூடிவிடுவார்கள். முனைக்குள் பபூன் குரங்குகள் கார்க் கதவையே திறக்கும். சாப்பாட்டுப் பையை வெளியே காட்டாதீர்கள்.

கடலில் குளிக்கலாமா?

கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் கடற்கரைகள் படத்தில் பார்க்கச் சொர்க்கம். தண்ணீர் நடுக்கோடையிலும் 10 முதல் 15 டிகிரிதான். பத்து நொடியில் கால் மரத்துவிடும். குளிக்க வேண்டுமென்றால் மலைக்கு மறுபக்கம், ஃபால்ஸ் பே ஓரத்தில் மியூசன்பர்க்குக்குப் போங்கள். வண்ண வண்ண மரக்குடில்கள் வரிசையாக நிற்கும், அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைந்திருப்பார்கள். சுறா வருகிறதா என்று குன்றின் மேலிருந்து காவல் பார்த்துக் கொடி ஏற்றுவார்கள். கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

போ-காப் என்பது அந்த வண்ண வீடுகள் உள்ள இடம்தானே? படம் எடுத்துவிட்டு வந்தால் போதாதா?

போதாது. என்னைப் பொறுத்தவரை மலைக்குக் கொடுக்கும் அதே நேரத்தை இந்த நாலைந்து தெருக்களுக்கும் கொடுக்க வேண்டும். அதுவும் தமிழர்கள்.

1658-இலிருந்து சுமார் 150 ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், ஆப்பிரிக்கக் கரை ஆகியவற்றோடு, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை என்று நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகள் இருந்த காலம் அது. சொந்தப் பெயரை எடுத்துவிட்டு, வந்த ஊரைப் பெயராக ஒட்டினார்கள். ‘வங்காளத்தைச் சேர்ந்தவர்’, ‘மலபாரைச் சேர்ந்தவர்’ என்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் வெறுமனே ‘கரையைச் சேர்ந்தவர்’. அடிமைகளில் கம்பெனிக்குச் சொந்தமானவர்கள் அடைக்கப்பட்டிருந்த 1679-ஆம் ஆண்டுக் கட்டடம் இப்போது ‘ஸ்லேவ் லாட்ஜ்’ அருங்காட்சியகம். போ-காப்பிலிருந்து நடக்கும் தூரம்தான்.

1830-களில் விடுதலை கிடைத்த பிறகு அவர்களில் பலர் போ-காப்பில் குடியேறினார்கள். மொத்தமாக ‘கேப் மலாய்’ என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் எத்தனையோ கரைகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலான 1794-ஆம் ஆண்டு அவ்வல் மசூதி இங்கே இருக்கிறது. (டர்பனில் வாழும் தமிழர்களின் கதை வேறு. அவர்களின் முன்னோர்கள் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள்.)

அவை எல்லாம் மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் நண்பகல் பன்னிரண்டுக்கு மேலேயுள்ள சிக்னல் ஹில்லிலிருந்து பீரங்கி வெடிக்கும். தெரியாமல் நின்றால் தூக்கிவாரிப் போடும்.

கேப் மலாய்ச் சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது?

முதலில் பொபோட்டி. கொத்துக்கறியை மசாலாவும் உலர் பழமும் சேர்த்துச் சமைத்து, மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, பிரிஞ்சி இலை செருகி அடுப்பில் சுடுவார்கள். மஞ்சள் சாதத்தோடு வரும். இனிப்பும் காரமும் ஒன்றாக வருவது முதல் வாயில் புதிதாக இருக்கும், மூன்றாவது வாயில் பழகிவிடும். நம் காரத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சமையலில் மசாலா வாசனைக்குத்தான் முதலிடம்.

தால்சி என்று ஒரு பலகாரம். கடலை மாவில் வெங்காயம், கீரை, கொத்தமல்லி போட்டு எண்ணெயில் பொரித்தது. சாப்பிட்டதும் ‘இது நம்ம பக்கோடா’ என்பீர்கள். சலோமி என்பது கறியை வைத்துச் சுருட்டிய ரொட்டி. ஊறுகாயை ‘அச்சார்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஞாயிறு காலையில் போ-காப்பில் இருந்தால் குசிஸ்டர் வாங்குங்கள். ஏலக்காய், பட்டை, சோம்பு சேர்த்த மாவைப் பொரித்து, பாகில் போட்டு, தேங்காய்த்துருவலில் புரட்டித் தருவார்கள். வீடுகளில் செய்து விற்பதுதான் ருசி. இதே மாதிரிப் பெயரில் சடைபோலப் பின்னிய இன்னொரு இனிப்பு கடைகளில் கிடைக்கும். அது டச்சு வழிவந்த வெள்ளையர்களான ஆப்பிரிக்கானர்களுடையது, வேறு பண்டம்.

அந்த மாவில் சிலர் உலர்த்திய ‘நார்ச்சி’ தோலைப் பொடித்துப் போடுகிறார்கள். நார்ச்சி என்றால் கமலா ஆரஞ்சு. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் புரட்டினால் தமிழ் ‘நாரத்தை’ என்று போட்டிருக்கிறது. நம் பாட்டிகள் உப்பில் ஊறவைத்த நாரத்தையின் பெயர் கேப் டவுன் சந்தையில், பழம் மாறி, இன்றும் புழங்குகிறது. அதைக் கொண்டுபோன வாய் யாருடையது என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் குசிஸ்டரோடு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மீன் எப்படி?

ஸ்நூக் என்ற நீள மீனைக் கேளுங்கள். ஆப்ரிகாட் ஜாமும் வெண்ணெயும் தடவித் தணலில் சுடுவார்கள். முள் பெரிது, கவனம். எளிய சாப்பாட்டுக்கு கால்க் பே துறைமுகம் போதும். படகு வந்து மீன் இறங்கும், சீல்கள் தலையைத் தூக்கிக் காத்திருக்கும், பக்கத்திலேயே பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். ஈஸ்டர் சமயத்தில் போனால் மஞ்சளும் வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மீன் வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும். ஆறவைத்துத்தான் சாப்பிடுவார்கள். நேற்று வைத்த மீன்குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கேட்ஸ்பி என்றால் என்ன?

ஒரு முழ நீள ரொட்டியைப் பிளந்து உருளைக்கிழங்கு வறுவல், கறி, சாஸ் எல்லாம் அடைத்தது. 1970-களில் ஏத்லோன் பகுதியில் உழைக்கும் மக்களுக்காகப் பிறந்தது. நான்காக வெட்டித் தருவார்கள். ஒருவர் ஒன்று வாங்கித் தின்ன முடியாது, ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்.

சைவர்களுக்கு?

பயப்பட வேண்டாம். போ-காப்பில் பருப்பு, காய்கறிக் குழம்பு, ரொட்டி, உருளைக்கிழங்குச் சமூசா கிடைக்கும். வாட்டர்ஃபிரன்டில் இந்திய உணவகங்கள் உள்ளன. ஓட்டலில் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் சிலர் மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்பார்கள், தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தயிரும் நல்ல பழமும் எந்தப் பெரிய கடையிலும் உண்டு. பால் வேண்டாம் என்றால் ரூய்பாஸ் குடிக்கலாம். வடக்கேயுள்ள செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் செடி அது. செக்கச்செவேலென்று இருக்கும், காஃபீன் கிடையாது, இரவிலும் குடிக்கலாம்.

கார் எடுக்கலாமா?

எடுங்கள். நம்மைப்போலவே இடது பக்கம் ஓட்டுகிறார்கள், சாலைகள் நன்றாக இருக்கின்றன. ஊருக்குள் மட்டும் சுற்றினால் மைசிட்டி பேருந்தும் செயலி வழி டாக்சியும் போதும்.

பாதுகாப்பு எப்படி?

மறைக்காமல் சொல்கிறேன். குற்றம் அதிகமுள்ள நகரம் இது. நகர மையத்தில் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், இரண்டு தெருதான் என்றாலும் டாக்சியைக் கூப்பிடுங்கள். நிறுத்திய காருக்குள் பை தெரியக் கூடாது. ஏடிஎம்மில் யார் உதவ வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று பயணத்திலும் இதைக் கடைப்பிடித்தேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை.

கிளம்பும் முன் வேறென்ன?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன் அனுமதி வேண்டும். விதி மாறக்கூடியது என்பதால் தூதரகத் தளத்தில் பாருங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். பிளக் விஷயம் நமக்கு எளிது. நம் வீட்டில் கீசருக்கு இருக்கும் பெரிய 15 ஆம்பியர் பிளக்தான் அங்கே சுவரில் இருக்கும். வீட்டிலிருந்தே ஒரு மாற்றி எடுத்துப் போகலாம். அப்புறம், தண்ணீர். 2018 வறட்சியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்து பிழைத்த ஊர் இது. அடுத்த ஆண்டே சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நமக்கு இது புரியும். குளியலறையில் அந்த நினைப்போடு இருங்கள்.

கடைசி மாலை எங்கே போகலாம்?

விரிகுடாவைத் தாண்டி பிளௌபர்க் கடற்கரைக்கு. நடுவில் கடல், அக்கரையில் ஊர், அதன் பின்னால் முழு மலையும் தெரியும். ஒரு போர்வையும் கொஞ்சம் தால்சியும் வாங்கிப் போங்கள். சூரியன் இறங்கும்போது மலை ஊதா நிறமாகும், அடிவாரத்தில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கும். காற்று அடித்தால் மணல் பறந்து சாப்பாட்டில் விழும், அதனால் டப்பாவுக்கு மூடி இருக்கட்டும்.